அப்பாவுக்குக் கழுத்தில் நெறி கட்டி, பயாப்சி ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. இனி எதற்கு ஃபிஷ் டெஸ்ட்?

தக்கலைப் பையன் | செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது, ரப்பர் பால் வெட்டும் வேலை. விடியும் முன்னாலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர், ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தது கிடையாது. நாலு மாதம் முன்பு இடது பக்கத் தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியது. வலி இல்லை. பல் சொத்தையால் இருக்கும் என்று ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், குறையவில்லை. அப்புறம் ஊசி போட்டு எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. செய்தார்கள், அதில் 'கிரானுலோமா (அழற்சிச் செல்களின் கொத்து) போலத் தெரிகிறது, காசநோயாக இருக்கலாம்' என்று வந்தது. சளியில் ஒன்றும் இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை, ஆனாலும் காசநோய் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். ஆறு வாரம் சாப்பிட்டார். நெல்லிக்காய் எலுமிச்சம்பழம் ஆனது. ராத்திரி பனியன் பிழிகிற அளவுக்கு வேர்வை, 64 கிலோ இருந்தவர் 57-க்கு வந்துவிட்டார்.

நடுவில் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி இன்னொரு கிளினிக்குக்குப் போனோம். அங்கே கொடுத்த மாத்திரையில் மூன்றே நாளில் கட்டி பாதியாக வற்றியது. வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள். மாத்திரை தீர்ந்து பத்து நாளில் முன்பைவிடப் பெரிதாக வந்து நின்றது. அது ஸ்டீராய்டு என்று பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் நாகர்கோவிலில் ஒரு சர்ஜன் ஒரு நெறியை முழுதாக அறுத்து எடுத்து அனுப்பினார். ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: ஹை கிரேடு பி செல் லிம்ஃபோமா. சி.டி.20 பாசிட்டிவ், சி.டி.10 பாசிட்டிவ், பி.சி.எல்.6 பாசிட்டிவ், எம்.யூ.எம்.1 நெகட்டிவ், பி.சி.எல்.2 80 சதவீதம், மிக் 60 முதல் 70 சதவீதம், கே.ஐ.67 95 சதவீதம். டி.டி.டி., சைக்ளின் டி1 இரண்டும் நெகட்டிவ். கிரானுலோமா இல்லை, காசநோய்க் கிருமி இல்லை. கடைசி வரியில் 'மிக், பி.சி.எல்.2, பி.சி.எல்.6 ஃபிஷ் செய்யவும்'.

என் கேள்வி இதுதான். புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது, எந்த வகை என்றும் எழுதியிருக்கிறது. இன்னும் ஒரு வாரம் காத்திருந்து, காசும் செலவழித்து எதற்கு இன்னொரு டெஸ்ட்? சித்தப்பா உடனே கீமோ தொடங்கு என்கிறார். அத்தை, கத்தி பட்டதால்தான் பரவிவிட்டது, இனிமேல் தொடவே விடாதே என்கிறார். அம்மா அந்த 95 சதவீதத்தைப் பார்த்துவிட்டு, உடம்பில் 95 பங்கு பரவிவிட்டது என்று நினைத்து இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. காசநோய் மாத்திரையை நிறுத்தலாமா என்பதும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பாரபின் பிளாக் | செவ்வாய் இரவு

தம்பி, நான் பயாப்சி லேபில் டெக்னீஷியன், பதினாறு வருடமாக இதே வேலை. டாக்டர் இல்லை, அதனால் மருந்து பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் என் கையால் தினமும் போடுகிற சாயம்.

முதலில் இப்போதே எழுந்து அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள். கே.ஐ.67 95 என்றால் உடம்பில் 95 சதவீதம் பரவியது என்று அர்த்தமே இல்லை. அறுத்து எடுத்த அந்த நெறியில் இருக்கும் நோய்ச் செல்களில் நூற்றுக்கு 95 செல் பெருகும் கட்டத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அது வேகத்தின் கணக்கு, தூரத்தின் கணக்கு இல்லை. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்ல பெட் சி.டி. ஸ்கேனும் எலும்பு மஜ்ஜை டெஸ்டும் இருக்கின்றன. வேகமாகப் பெருகுகிற செல்லைத்தான் கீமோ மருந்து நன்றாகப் பிடிக்கும் என்று எங்கள் பெரிய டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, கத்தி பட்டுப் பரவியது என்பது. லிம்ஃபோமா வெள்ளை அணுக்களில் வரும் நோய். அந்த அணுக்கள் இயல்பாகவே ரத்தத்திலும் நெறிகளிலும் சுற்றிக்கொண்டே இருப்பவை. அறுத்ததால் அது எங்கும் போகவில்லை. அறுக்காமல் விட்டதால்தான் நாலு மாதம் போய்விட்டது. ஊசியில் வருவது உதிரிச் செல்கள், நெறியின் உள்ளமைப்பு கலைந்திருக்கிறதா என்பது அதில் தெரியாது. லிம்ஃபோமாவுக்குப் பக்கத்திலேயே கிரானுலோமா இருப்பதும் உண்டு, ஊசி அந்த இடத்தில் குத்தினால் காசநோய் என்றே வரும். நம் நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் அதை முதலில் நினைப்பது தப்பில்லை. ஆனால் ஜீன் எக்ஸ்பர்ட் என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் முடிவு தரும், அதைக் கேட்டிருக்கலாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: நெறியை அறுக்கும்போது ஒரு துண்டு ஃபார்மலினிலும், காசநோய் சந்தேகம் இருந்தால் இன்னொரு சிறு துண்டு சலைனிலும் போகவேண்டும். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் செய்ய முடியாது. எல்லாவற்றையும் சலைனில் போட்டு மறுநாள் கொண்டுவந்தால் திசு கெட்டுப்போய் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, ஃபிஷ் விஷயம். இப்போது வந்திருப்பது இம்யூனோ ரிப்போர்ட், அதாவது செல்லில் உள்ள புரதங்களைச் சாயம் பிடிக்க வைத்துப் பார்ப்பது. ஒவ்வொரு மார்க்கருக்கும் தனித்தனி ஸ்லைடு. சி.டி.20 போட்டால் பி செல்லின் ஓரத்தில் மோதிரம் போட்டது போலப் பழுப்பு நிறம் பிடிக்கும். கே.ஐ.67 உட்கருவில் பிடிக்கும். சாதாரண நெறியில் அங்கங்கே கொத்துக் கொத்தாகத்தான் பழுப்பு தெரியும், உங்கள் அப்பா ஸ்லைடு மாதிரி ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பார்வை போகிற இடமெல்லாம் பழுப்புப் புள்ளி, விடாமல். அந்த மாதிரி ஸ்லைடு வந்தால் நாங்களே அதைத் தனியாக எடுத்து டாக்டர் மேசையில் முதலில் வைப்போம்.

மிக் 60, பி.சி.எல்.2 80 என்று வந்திருக்கிறதே, அது புரதம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு. புரதம் கூடுவதற்குக் காரணம் பல. ஜீனே உடைந்து இடம் மாறியிருக்கிறதா என்பது சாயத்தில் தெரியாது, அதற்குத்தான் ஃபிஷ். இருட்டு அறையில் ஒளிரும் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஜீனின் ஒரு பக்கத்துக்குச் சிவப்பு, மறுபக்கத்துக்குப் பச்சை. ஜீன் உடையாமல் இருந்தால் இரண்டும் ஒட்டி மஞ்சளாகத் தெரியும். உடைந்திருந்தால் சிவப்பு ஒரு மூலையில், பச்சை ஒரு மூலையில். மிக் ஜீன் 8-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, பி.சி.எல்.2 18-இல். இரண்டும் உடைந்திருந்தால் அதற்கு டபுள் ஹிட் என்று பெயர். மைக்ரோஸ்கோப்பில் சாதாரண பெரிய செல் லிம்ஃபோமா மாதிரியே இருக்கும், முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

புதிதாக அறுக்க வேண்டியதில்லை. உங்கள் சாம்பிள் மெழுகில் பதித்த பிளாக்காக லேபில் இருக்கும். கட்டைவிரல் நகம் அளவு திசு, சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில், ஓரத்தில் நம்பர் எழுதி. கடிதம் கொடுத்துக் கேட்டால் தருவார்கள், அது உங்கள் உரிமை. இம்யூனோ ஸ்லைடுகளையும் சேர்த்து வாங்குங்கள். பைக் டிக்கிக்குள் வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள், மெழுகு இளகிவிடும். சட்டைப்பையிலும் வேண்டாம். சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து பையில் போட்டுக்கொண்டு போங்கள்.


குளச்சல் மேரி | புதன் காலை

தம்பி, நான் குளச்சல். என் வீட்டுக்காரருக்கு நாலு வருடத்துக்கு முன்னால் பர்கிட் லிம்ஃபோமா. இப்போது நல்லபடியாகக் கடலுக்குப் போய்வருகிறார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நாட்களில் பிழைத்தவர் ஒருத்தர் பேச்சைக் கேட்க மாட்டோமா என்று நான் அலைந்திருக்கிறேன்.

அவருக்கு நெறி எதுவும் இல்லை. வயிறு உப்பல், கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுப்போன பேண்ட், வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக எடுத்தால் பட்டன் எட்டவில்லை. நாலு நாள்தான். ஸ்கேனில் குடல் பக்கம் பெரிய கட்டி, வயிற்றில் நீர். அந்த நோயில் கட்டி ஒன்றிரண்டு நாளிலேயே இரட்டிப்பாகும் என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை, பேண்டை நினைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அவருக்கும் ஃபிஷ் அனுப்பினார்கள். ஆனால் அது வரும்வரை சும்மா இருக்கவில்லை. யூரிக் ஆசிட் ஏறிவிட்டது, பொட்டாசியம் ஏறியது, மூத்திரம் குறைந்தது. செல் சாகும்போது உள்ளே இருப்பதெல்லாம் ரத்தத்தில் கொட்டி கிட்னியை அடைக்குமாம், கீமோ போடும் முன்னாலேயேகூட அது நடக்கலாமாம். ராத்திரி முழுக்க ட்ரிப்ஸ் ஏற்றி, யூரிக் ஆசிட்டுக்கு மருந்து கொடுத்து, நாலாவது நாளே மருந்தைத் தொடங்கினார்கள். ஃபிஷ் ரிப்போர்ட் அதற்கப்புறம் வந்தது, அதைப் பார்த்து மருந்தை மாற்றி அமைத்தார்கள்.

அதனால் உங்கள் சித்தப்பா சொல்வதும் தப்பில்லை, டாக்டர் சொல்வதும் தப்பில்லை. ஃபிஷ் அனுப்பிவிட்டு மற்ற வேலைகளை அன்றைக்கே செய்யச் சொல்லுங்கள். எல்.டி.ஹெச்., யூரிக் ஆசிட், கிரியாட்டினின் என்ற ரத்த டெஸ்ட் எல்லாம் அரை நாளில் வந்துவிடும். அப்பா நன்றாகத் தண்ணீர் குடிக்கிறாரா, மூத்திரம் எவ்வளவு போகிறது என்று எழுதி வையுங்கள். நான் ஒரு பழைய காலண்டர் பின்பக்கத்தில் மணி போட்டு எழுதி வைத்தேன், டாக்டர் வந்ததும் அதைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பார்.

அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் நிற்கப்போவது அவர்கள்தான்.


குலசேகரம் வைத்தியர் மகன் | புதன் மதியம்

மக்களே, நான் மூத்தவன், நல்லது நினைத்துத்தான் சொல்கிறேன். எங்கள் அப்பா வர்ம வைத்தியம் பார்த்தவர். என் மைத்துனனுக்கு இதே போலக் கழுத்திலும் கக்கத்திலும் கட்டி இருந்தது, மூன்று மாதம் கஷாயம் குடித்துக் கட்டி கரைந்தது. அறுப்பதற்கும் கீமோவுக்கும் முன்னால் ஒரு மாதம் இதைப் பார்க்கலாமே. முடி கொட்டி, வாய் புண்ணாகி மனிதர் உருக்குலைந்து போவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.


கருங்கல் டாக்டர் | புதன் இரவு

கருங்கல்தான் சொந்த ஊர், இப்போது வெளியூரில் ரத்த நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். அப்பாவை நான் நேரில் பார்க்கவில்லை, பார்க்கிற டாக்டர் சொல்வதுதான் முடிவு. ஆனால் கேள்விகள் எல்லாமே சரியான கேள்விகள்.

முதலில் மேலே எழுதிய ஐயாவுக்கு. உங்கள் அக்கறை புரிகிறது. லிம்ஃபோமாவில் மெதுவாகப் போகும் வகைகள் இருக்கின்றன, ஃபாலிகுலர் என்பது அதில் ஒன்று. அந்த வகையில் மருந்து எதுவும் கொடுக்காமலேயே கட்டி சில மாதம் தானாக வற்றி, பிறகு திரும்ப வருவது உண்டு. உங்கள் மைத்துனருக்கு இருந்தது அதுவாகவும் இருந்திருக்கலாம், தயவுசெய்து அவரை ஒரு முறை காட்டிவிடுங்கள். இந்தத் தம்பியின் அப்பாவுக்கு இருப்பது அந்த வகை இல்லை. இதற்கு ஒரு மாதம் கொடுக்க முடியாது, ஒரு மாதத்தில் கிட்னி, ஈரல், மூளை உறை எதிலும் போய் நிற்கலாம். சாப்பிடும் கஷாயம் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும், கீமோ நேரத்தில் ஈரல் கெட்டால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்.

இப்போது ஃபிஷ். பெயர் தெரிந்தால் மருந்து மாறுமா என்பதுதான் கேள்வி, மாறும். சாதாரண டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் வகை (மேலே சொன்ன பெரிய செல் லிம்ஃபோமா) என்றால் பெரும்பாலும் ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டு, 21 நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை. ஒரே நாளில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வரலாம். டபுள் ஹிட் என்றால் ஆர்-சாப் மட்டும் போதாமல் போகிறது என்று பல வருட அனுபவத்தில் தெரிந்து, உடம்பு தாங்கும் என்றால் பல இடங்களில் ஆர்-ஈபாக் என்ற இன்னொரு கூட்டைக் கொடுக்கிறார்கள். அதில் நாலு நாள், 96 மணி நேரம், விடாமல் மருந்து இறங்கும். முதுகுத் தண்டு நீரையும் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய செல் லிம்ஃபோமா போலத் தெரிபவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் இந்த வகை. இதற்குத் தனிப் பெயர் கொடுத்ததே சமீபத்தில்தான், 2016 வகைப்பாட்டில் வந்து, 2022-இல் மிக்கும் பி.சி.எல்.2-வும் சேர்ந்து உடைந்தவை மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இன்னும் குறுக்கியது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் என்றால் உங்கள் ரிப்போர்ட்டில் அந்தக் கடைசி வரியே இருந்திருக்காது.

மேரி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நோயாளி தாங்க மாட்டார் என்றால் ஃபிஷ் வரும் முன்பே ஆர்-சாப் தொடங்கி, இரண்டாவது தடவைக்கு மாற்றிக்கொள்ளலாம். காத்திருப்பதா தொடங்குவதா என்பதை எல்.டி.ஹெச்., யூரிக் ஆசிட், ஆளின் நிலை பார்த்து முடிவு செய்வார்கள்.

ஸ்டீராய்டு பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது, கோபமாகவே சொல்கிறேன். லிம்ஃபோமா செல்லை ஸ்டீராய்டு கொல்லும், ஆனால் முழுதாக அழிக்காது. கட்டி வற்றும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், அந்த நேரத்தில் பயாப்சி எடுத்தால் செத்த செல்லும் வடுவும்தான் வரும், பெயர் சொல்ல முடியாது. மூளையில் வரும் லிம்ஃபோமாவில் இது இன்னும் மோசம், எம்.ஆர்.ஐ.யில் கட்டியைப் பார்த்ததும் வீக்கம் குறைய ஸ்டீராய்டு போட்டுவிட்டால் சில நாளில் கட்டியே மறைந்து, மூளை சர்ஜன் எங்கே ஊசி விடுவது என்று தெரியாமல் நிற்பார். உயிருக்கு ஆபத்து என்றால் கொடுத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் பயாப்சிக்கு முன் தொடக்கூடாது. உங்கள் அப்பா விஷயத்தில் மாத்திரை நின்று கட்டி திரும்ப வளர்ந்த பிறகு எடுத்ததால் திசு நன்றாக வந்திருக்கிறது. இருந்தாலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை சாப்பிட்டார் என்று எழுதிக் கொடுங்கள்.

அபூர்வ வகைகள் ஏன் தப்பிப்போகின்றன என்றால், எல்லாமே கழுத்தில் நெறியாக வருவதில்லை. ரத்தக்குழாய்க்கு உள்ளேயே வளரும் ஒரு வகை உண்டு, கட்டியே இருக்காது. மாதக்கணக்கில் காய்ச்சல், எல்.டி.ஹெச். ஏறிக்கொண்டே போகும், சிலருக்கு ஞாபகம் தடுமாறும், எல்லா கல்ச்சரும் நெகட்டிவ். பார்க்க ஒரு குறையும் இல்லாத தோலில் நாலைந்து இடத்தில் ஆழமாகத் துண்டு எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். நினைத்தால்தான் கிடைக்கும் நோய். பிளாஸ்மாபிளாஸ்டிக் என்று இன்னொன்று, ஈறு, அண்ணம் பக்கத்தில் புண்போல வரும், ஹெச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அதிகம். அது பி செல்லிலிருந்து வந்ததுதான், ஆனால் சி.டி.20 நெகட்டிவாக இருக்கும். சி.டி.20 மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு லிம்ஃபோமா இல்லை என்று எழுதினால் போச்சு, சி.டி.138 போடவேண்டும். நெஞ்சுக்கூட்டின் நடுவில் வளரும் வகை இளம் பெண்களிடம் அதிகம், முகம் வீங்கி, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சுத் திணறலோடு வருவார்கள், ஆஸ்துமா என்று பம்ப் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் நிறுத்தச் சொல்வார் என்றே நினைக்கிறேன். அதில் உள்ள ரிஃபாம்பிசின் மற்ற மருந்துகளை ஈரல் சீக்கிரம் கழிக்கும்படி செய்துவிடும், கீமோ மருந்தும் ஸ்டீராய்டும் அதில் சேர்த்தி.

எங்கே போவது என்று கேட்டால், நெய்யூரில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, திருவனந்தபுரத்தில் 1981-இலிருந்து ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மையம் இருக்கிறது, களியக்காவிளை தாண்டினால் வந்துவிடும். அடையாறும் வேலூரும் பெரிய இடங்கள்தான், ஆனால் எழுநூறு கிலோமீட்டர் இந்த நிலையில் அவரைக் கொண்டுபோக வேண்டுமா என்று யோசியுங்கள். பிளாக் பயணம் செய்யலாம், அப்பா செய்யவேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, எல்லை தாண்டும் முன் அட்டை அங்கே செல்லுமா என்று கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.


தக்கலைப் பையன் | வியாழன் இரவு

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பாரபின் பிளாக் அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'அப்போ அது வேகம்தானா' என்று மூன்று தடவை கேட்டுவிட்டுக் கஞ்சி குடித்தார்கள். அத்தைக்கும் போனில் வாசித்தேன், எதுவும் சொல்லவில்லை, ஆனால் இன்றைக்கு அப்பாவைப் பார்க்க வந்தார்கள்.

பிளாக்கும் பதினான்கு ஸ்லைடுகளும் வாங்கியாயிற்று. லேபில் முதலில் நாளைக்கு வா என்றார்கள், கடிதத்தை நீட்டியதும் அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு காலை ரயிலில் திருவனந்தபுரம் போய் ஃபிஷ்ஷுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ஸ்லைடுகளையும் திரும்பப் பார்க்கிறோம் என்றார்கள். எல்.டி.ஹெச். 780, யூரிக் ஆசிட் 8.9. நாளை அட்மிட் செய்து தண்ணீர் ஏற்றப்போகிறார்கள். பெட் சி.டி. சனிக்கிழமை. அதற்கு முன் என்ன கவனிக்கவேண்டும்?


பாரபின் பிளாக் | வியாழன் இரவு

பெட் சி.டி.க்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை சேர்ந்த எதுவும் வேண்டாம், ட்ரிப்ஸில் குளுக்கோஸ் போகிறதா என்றும் நர்ஸிடம் கேளுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். முந்தின நாளும் அன்றும் பாரம் தூக்கவோ மாடிப்படி ஏறவோ வேண்டாம், தசை வேலை செய்தால் ஸ்கேனுக்காக ஏற்றும் மருந்து அங்கே போய் ஒளிரும். அப்பா தோட்டத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


தக்கலைப் பையன் | அடுத்த வியாழன்

ஃபிஷ் வந்துவிட்டது. மிக் பாசிட்டிவ், பி.சி.எல்.2 பாசிட்டிவ், பி.சி.எல்.6 நெகட்டிவ். டபுள் ஹிட். ஸ்லைடைத் திரும்பப் பார்த்ததிலும் அதே முடிவு. பெட் சி.டி.யில் கழுத்து இரண்டு பக்கமும், வயிற்று நெறிகளும், மண்ணீரலும். எலும்பு மஜ்ஜையில் இல்லை. முதுகுத் தண்டு நீரும் சுத்தம். காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். யூரிக் ஆசிட் 5-க்கு இறங்கிவிட்டது. நாளை மறுநாள் ஆர்-ஈபாக் தொடங்குவதாகச் சொல்கிறார்கள், எக்கோவும் எடுத்தாயிற்று, இதயம் நன்றாக இருக்கிறதாம்.

புதிதாக ஒன்று. ஹெபடைடிஸ் பி டெஸ்டில் மேலுறை ஆன்டிஜன் நெகட்டிவ், ஆனால் கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. இதனால் கீமோ நின்றுவிடுமா?


கருங்கல் டாக்டர் | அடுத்த வியாழன் இரவு

நிற்காது. எப்போதோ அந்தக் கிருமி வந்து, உடம்பே அதை அடக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். பலருக்குத் தெரியாமலேயே வந்து போயிருக்கும். ஆனால் ஆர்-ஈபாக்கில் 'ஆர்' என்பது ரிட்டுக்சிமாப் மருந்து, அது பி செல்களை எல்லாம் துடைத்துவிடும், அப்போது ஈரலில் தூங்கிக்கொண்டிருப்பது எழுந்து வரும், வந்தால் ஆளையே கொண்டுபோகிற அளவுக்குத் தீவிரமாகலாம். அதனால்தான் முன்கூட்டியே பார்க்கிறார்கள். என்டெகாவிர் என்று தினம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், முதல் டோஸுக்கு முன்பே தொடங்குவார்கள். கீமோ முடிந்த பிறகும் ரிட்டுக்சிமாப் கடைசியாகப் போட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்கும் மேல் சாப்பிடவேண்டும். கீமோ முடிந்ததும் எல்லா மாத்திரையும் முடிந்தது என்று இதையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, அப்படி நிறுத்தி ஈரல் கெட்டு வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை எழுதியிருக்கிறார்களா என்று நாளைக் காலை ரவுண்ட்ஸில் நீங்களே கேளுங்கள்.


தக்கலைப் பையன் | அடுத்த வெள்ளி காலை

கேட்டேன். எழுதியிருக்கிறார்கள். இன்று காலை ஆறு மணிக்கு முதல் மாத்திரை கொடுத்துவிட்டேன், ஒன்றரை வருடத்துக்குப் போனில் அலாரம் வைத்திருக்கிறேன். அம்மா மேரி அக்காவிடம் பேசவேண்டும் என்கிறார்கள், அக்கா உங்களுக்குச் சம்மதம் என்றால் தனிச் செய்தியில் நம்பர் அனுப்புங்கள்.


குளச்சல் மேரி | அடுத்த வெள்ளி காலை

அனுப்பிவிட்டேன் தம்பி. மதியம் இரண்டு மணிக்குமேல் கூப்பிடச் சொல்லுங்கள், அவரும் கரைக்கு வந்திருப்பார், அப்பாவிடம் அவரே பேசுவார்.